திறந்த ஜீப்புக்கு மழை உறை: ஹூடா, கவரா, எதைப் பார்த்து வாங்குவது?

கன்வர்டிபிள் தார், பழைய ஜிப்ஸி, மேஜர், எம்எம் 540 என்று தலைக்கு மேல் தகடு இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் ஐப்பசி நெருங்கும்போது கடையில் போய்க் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்ல வாட்டர்ப்ரூஃப் கவர் இருக்கா?" கடைக்காரரும் மாடலைக் கேட்டுவிட்டு ஒரு பையை எடுத்து நீட்டிவிடுவார். கூரை உள்ள காருக்கு அது போதும். அங்கே கவரின் வேலை பெயின்டைக் காப்பது. நாலு சொட்டு ஒழுகினாலும் கூரைத் தகட்டில் விழுந்து காய்ந்துவிடும். திறந்த வண்டியில் அதே நாலு சொட்டு சீட் ஃபோமுக்குள் இறங்கும். மழைக்காலத்தில் ஃபோம் லேசில் காயாது, அதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். ஃப்ளோர் மேட்டுக்கு (தரை விரிப்புக்கு) அடியில் தேங்கினால் தளத் தகட்டின் வெல்டிங் ஓரங்களில் துரு ஆரம்பிக்கும்.

ஆகவே உறை எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மழையில் ஓட்ட வேண்டுமென்றால் ஹூட், அதாவது வளைகம்பிகளின் மேல் மாட்டும் துணிக்கூரை. ஓட்டும்போது உச்சி வெயிலுக்கு நிழல் மட்டும் போதுமென்றால் பிகினி டாப். முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து முன் சீட்டுக்குப் பின்னாலுள்ள ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பி வளைவு) வரை மட்டும் வரும் துணி அது. மழையில் ஓட்டினால் பக்கவாட்டுச் சாரல் முழுக்க உள்ளே வரும். நிறுத்தி வைப்பதற்கு, வண்டி முழுவதையும் மூடும் பாடி கவர். அவசரத்துக்கு, கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின்கதவு வரை உட்காரும் இடத்தை மட்டும் மூடும் அரைக் கவரும் உண்டு. சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம், இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆபீஸ் வாசலில் பகலில் நிறுத்துபவர்களுக்கு முழுக் கவரைவிட இதுதான் கைக்கு வரும், ஏனென்றால் முழுக் கவரை தினம் இருமுறை போட்டு எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஹூட் இல்லாத வண்டியை பாடி கவரை மட்டும் நம்பி மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் நிறுத்துவதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஹூடுக்கு வளைகம்பிகளும் சரிவும் உண்டு, தண்ணீர் வழிந்துவிடும். வெறும் ரோல் பார் மீது போட்ட கவர் இரண்டு கம்பிக்கு நடுவே தொய்ந்து தொட்டியாகிவிடும். காசு இரண்டுக்கும் போதாதென்றால் முதலில் ஹூட், பிறகு கவர்.

வண்டி எங்கே நிற்கிறது?

ஊரைப் பொறுத்துத் தேர்வு மாறும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் முதல் எதிரி உப்புக்காற்று. துணி நன்றாக இருக்கும்போதே ஜிப்பும் பிரஸ் பட்டனும் அரித்துப் போகும். கூடவே காற்றில் ஈரம் அதிகம். காற்றே புகாத கவரைப் போட்டால் இரவில் உள்பக்கம் வியர்த்து, மழையே இல்லாமல் சீட் நனையும். வால்பாறை, கூடலூர் பக்கம் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் நாள்கணக்கில் விடாது. நனைந்த பருத்தி கேன்வாஸ் காய்வதற்குள் மறுபடி நனையும், கரும்புள்ளி பூஞ்சை பிடிக்கும். அங்கே பிவிசி பூச்சுள்ள பாலியெஸ்டர்தான் சரி. பொள்ளாச்சி, கம்பம் பள்ளத்தாக்கு, ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் ஆடிக்காற்றுதான் கவரைக் கிழிக்கும். அங்கே துணியின் தடிமனைவிட அளவுப் பொருத்தமும் பெல்ட்டும் முக்கியம். மதுரை, விருதுநகர், வேலூரில் வருஷத்தின் பெரும்பகுதி வெயிலோடுதான் போராட்டம். அங்கே மலிவு நீலத் தார்ப்பாய் ஒரு கோடையிலேயே பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும்.

மரத்தடியில் நிறுத்துபவர்கள் எந்த மரம் என்று பாருங்கள். மாமரம் பூக்கும் பருவத்தில் பிசுபிசுவென்று சொட்டும். பஞ்சு போன்ற மேற்பரப்புள்ள கவரில் அது ஒட்டினால் போகாது. வழவழப்பான பூச்சுத் துணிதான் அங்கே கழுவ வரும்.

லேபிளில் எதைப் படிப்பது

பாடி கவர் பையின் மேல் 190டி (190T) என்றும் 600டி (600D) என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. முதலாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இழை என்பது. டஃபேட்டா எனும் மெல்லிய துணிக்குப் போடுவது. இரண்டாவது டீனியர், அதாவது 9000 மீட்டர் நூலின் எடை கிராம் கணக்கில். 190டி டஃபேட்டா தூசிக்கும் பறவை எச்சத்துக்கும் சரி, அடைமழைக்கு ஆகாது. திறந்த வண்டிக்கு பியூ (பாலியூரித்தேன்) பூச்சுள்ள 300 டீனியர் ஆக்ஸ்போர்டு துணியாவது வேண்டும். வெட்டவெளி என்றால் 600. ஆனால் 600 டீனியர் கவர் நனைந்தால் கனக்கும். ஒரு ஆளாகப் போட்டு எடுப்பவர்கள் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இன்னொரு எண் நீர்த்தாங்குதிறன், மில்லிமீட்டரில் வரும். 3000 மி.மீ. என்றால், துணியின் மேல் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த்தூண் நிற்கும் வரை கசியாது என்று அர்த்தம். 1500 சாதாரண மழைக்குத் தாங்கும். தண்ணீர் தேங்கும் இடத்திலும், கம்பி துணியை அழுத்தும் இடத்திலும் அழுத்தம் கூடும் என்பதால் 3000 இருந்தால் நிம்மதி. இந்த எண் துணிக்கு மட்டும்தான், தையலுக்கு இல்லை. ஊசித்துளை ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. உள்பக்கம் தையலின் மேல் சூட்டில் ஒட்டிய டேப் இல்லையென்றால் 3000-க்கும் 1500-க்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. கவரை உள்புறமாகத் திருப்பி இதைத்தான் முதலில் பாருங்கள். கூரைப் பகுதியில் நடுத்தையல் இல்லாத கவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பல அடுக்கு நான்-வோவன் (நெய்யாத துணி) கவர்கள் காற்றை விடும், உள்பக்கம் மென்மையாக இருக்கும். ஹூட் போட்ட வண்டிக்கு மேல் இவை அருமை. ஹூட் இல்லாத வண்டியில் தொடர்மழை பெய்தால் மெல்லக் கசியும். கூரைப் பகுதி பூச்சுத் துணி, பக்கங்கள் காற்று விடும் துணி என்று இரண்டும் கலந்து தைத்தது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாவிட்டால் இருபக்கமும் மேல்மடிப்பு மூடிய வலைத்துவாரம் இருக்கிறதா பாருங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. துணியைக் கிண்ணம் போல் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தபடி ஐந்து நிமிடம் வைத்திருங்கள். தேய்க்கும்போது ஈரம் வந்தால் பூச்சு மெலிது. நகத்தால் உள்பக்கம் சுரண்டினால் வெள்ளைப் பொடி வரக்கூடாது. தையலின் இருபக்கமும் பிடித்து இழுத்து வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். ஊசித்துளை வாய்பிளந்து தெரிந்தால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அளவெடுப்பது

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கம்பெனி அளவில் ஜிப்ஸி 4010 மி.மீ. நீளம், 2010-இல் வந்த முதல் தார் 3920, 2020-இல் வந்த தார் 3985. நீளத்தைப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே கவர் போதும் போலத் தோன்றும். அகலத்தைப் பாருங்கள்: 1540, 1726, 1820. ஜிப்ஸிக்குப் புதிய தார் கவரைப் போட்டால் பக்கத்துக்கு 14 செ.மீ. துணி தொங்கி, காற்றில் படபடவென்று அடித்தே பெயின்டைத் தேய்க்கும்.

வண்டியில் ஏற்கெனவே மாற்றம் செய்திருந்தால் கம்பெனி அளவு உதவாது. சமதரையில் நிறுத்தி, முன்பம்பரின் முனையிலிருந்து ஒரு தூக்குநூலும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் வெளிவிளிம்பிலிருந்து இன்னொன்றும் விட்டு, தரையில் குறியிட்டு நடுவே டேப் பிடியுங்கள். முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் வடச்சுருள்) இருந்தால் அதுவும் உள்ளே வரவேண்டும். அகலம் கண்ணாடிக்குக் கண்ணாடி எடுங்கள். மூன்றாவதாக, ஒரு பக்கம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொடங்கி ரோல் பாருக்கு மேலாக மறுபக்கம் அதே உயரம் வரை டேப்பை ஓட்டுங்கள். டயரும் சஸ்பென்ஷனும் மாற்றி உயரம் கூடிய வண்டிகளில் கவர் எட்டாமல் போவது இந்த அளவில்தான். ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் உயரக் குழாய்), ஆன்டெனா, கூரைக் கேரியர் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தைக்கச் சொல்லும்போது பக்கத்துக்கு 5 செ.மீ. தளர்வு போதும். அதற்கு மேல் விட்டால் காற்றுக்கு வேலை கொடுத்தது போலாகும்.

ஹூட் தைக்கக் கொடுக்கும்போது

கம்பெனி ஹூட் கிழிந்துவிட்டால் பெரும்பாலோர் சீட் ஒர்க்ஸ் கடைக்குத்தான் போகிறோம். நல்ல டைலர் கையில் கம்பெனி ஹூடுக்குக் குறையாத வேலை வரும், என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தால்.

பொருள், பிவிசி பூச்சுள்ள பாலியெஸ்டர் துணி, சதுர மீட்டருக்கு 500 முதல் 700 கிராம். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் மேளம் கொட்டும். மிகவும் கனமானது மடிப்பில் வெடிக்கும். சீட்டுக்குப் போடும் சாதாரண ரெக்சின் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வெயிலுக்கென்று செய்ததில்லை. இரண்டு கோடையில் விறைத்துப் பிளக்கும். மிலிட்டரி பச்சைப் பருத்தி கேன்வாஸ்தான் வேண்டும் என்று பழைய ஜீப் பிரியர்கள் அடம்பிடிப்பார்கள், அழகுக்காக அது நியாயம்தான். அப்படியானால் வெட்டுவதற்கு முன் துணியை நன்றாக நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் பட்டன் எட்டாது. நிறம் கறுப்பு என்றால் சூடு அதிகம், ஆனால் அந்தக் கறுப்புக்குப் பயன்படும் கார்பன் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால் துணி நாள்பட உழைக்கும்.

இந்தத் துணிகள் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். உங்கள் வண்டியின் கூரைத் துண்டு அதற்குள் அடங்குமானால் நடுவில் ஒட்டுப் போடவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மீதித் துணியை மிச்சம் பிடிக்க நடுவில் ஒட்டுப் போடும் பழக்கம் உண்டு. ஒட்டுப் போடும் இடங்களில் இரு விளிம்பையும் மடித்து இரட்டைத் தையல் வேண்டும்; ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்பதுபோல மேல்துணி கீழ்த்துணியின் மேல் விழவேண்டும். திருப்பித் தைத்துவிட்டால் தண்ணீர் நேராக மடிப்புக்குள் போகும். நூல் பாலியெஸ்டர். தையல் அங்குலத்துக்கு 6 முதல் 8. நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பது தவறு, துளைகள் சேர்ந்து துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். தைத்து முடித்ததும் உள்பக்கம் சீம் சீலர் (தையல் துளையை அடைக்கும் பசை) தடவ வேண்டும்.

ஜிப் பிளாஸ்டிக் பல் உள்ளது, 8 அல்லது 10-ஆம் எண். உலோக ஜிப் கடலோரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காமல் பச்சை பூத்து இறுகும். ஜிப்புக்கு மேல் 4 செ.மீ. அகலத்தில் ஒரு மூடுபட்டை இல்லாவிட்டால், ஜிப் எவ்வளவு நல்லதானாலும் ஒழுகும். பிரஸ் பட்டன்கள் ஸ்டெயின்லெஸ்.

பிளாஸ்டிக் ஜன்னல்தான் ஹூடில் முதலில் கெடும் பாகம். அரை மில்லிமீட்டர் ஷீட் மலிவு, அலையலையாகத் தெரியும். 0.75 முதல் 1 மி.மீ. வாங்குங்கள். ஷீட்டைச் சுருளாகக் கொண்டுவந்து வெட்டுவதற்கு முன், அதன் வழியே தூரத்தில் ஒரு எழுத்துப் பலகையைப் பார்த்தால் நெளிவு தெரிந்துவிடும். ஸ்மோக் ஷீட் (கறுப்புச் சாயல் உள்ளது) ஆசை வேண்டாம். மோட்டார் வாகன விதி 100-இன்படி பின்பக்கம் 70 சதவீதமும் பக்கங்களில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். அதோடு இரவு மழையில் பின்னால் வரும் பைக் தெரியாது. ஹூடைக் கழற்றிவிட்டு ஃபைபர் ஹார்ட்டாப் (கெட்டிக் கூரை) ஏற்ற நினைப்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பட்டன் அடிக்கும் நாள் முக்கியம். பிவிசி சூட்டில் நெகிழும், குளிரில் இறுகும். மே மாத நண்பகலில் இழுத்துப் பிடித்து பட்டன் அடித்த ஹூட், டிசம்பரில் ஊட்டியில் மூடாது. தைத்த ஹூடைக் கம்பியில் மாட்டி ஒருநாள் வெயிலில் விட்டு, மறுநாள் காலை இளஞ்சூட்டில் குறியிட்டுப் பட்டன் அடிக்கச் சொல்லுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஹோஸ் பைப் சோதனை. உள்ளே சீட்டிலும் தளத்திலும் செய்தித்தாளை விரித்து, ஒருவர் உள்ளே உட்காரவேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு நிமிடம் விட்டுக்கொண்டே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் ஒழுகும் இடங்கள் முன் கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலைகள், கதவின் பின்மேல் மூலை, ஜிப் முடியும் இடம். ஆச்சரியமான இன்னொன்று, கட்டும் நாடா. வெளியில் நனையும் பருத்தி நாடா திரி போல தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து உங்கள் தொடையில் சொட்டும். பாலியெஸ்டர் நாடாவாக மாற்றி, உள்ளே நுழையும் இடத்துக்கு முன் ஒரு தொய்வு விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

தேங்கும் தண்ணீர்

ஹூட் இல்லாமல் அரைக் கவரோ முழுக் கவரோ போட்டால் தொய்வைச் சமாளித்தாக வேண்டும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், சராசரி 5 செ.மீ. ஆழம் உள்ள ஒரு குழிவில் 12 லிட்டர் நிற்கும். 12 கிலோ எடை துணியை மேலும் இழுக்கும், குழி பெரிதாகும், இன்னும் தண்ணீர் சேரும், கடைசியில் தையல் விடும். 2 செ.மீ. மழை பெய்தாலே ஒரு சதுர மீட்டருக்கு 20 லிட்டர் விழுகிறது.

தீர்வு எளிது. ஒன்றேகால் அங்குல பிவிசி பைப்பை முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின் ரோல் பார் வரை நீளத்துக்கு வெட்டி, அடியில் மரக்கட்டை கொடுத்து 8 முதல் 10 செ.மீ. உயர்த்தி நடுவில் கட்டுங்கள். மேலே ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் சுற்றினால் துணி தேயாது. இப்போது கவர் முகடுபோல நின்று இருபுறமும் வடிக்கும். முகட்டுக்கு இருபக்கமும் ஒவ்வொரு பாலியெஸ்டர் பெல்ட்டை இழுத்துக் கட்டினால் இன்னும் நன்று. நைலான் பெல்ட் நனைந்தால் நீளும், வேண்டாம்.

2020 தாரில் தளத்தில் வடிகால் மூடிகள் உண்டு. மழைக்காலத்தில் ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டு அவற்றைத் திறந்து நிறுத்தலாம், ஓட்டைக்கு இரும்பு வலை வைத்து. இல்லாவிட்டால் எலி குடியேறும். ஓடையில் இறங்கும் முன் மூட மறக்கவேண்டாம்.

கட்டுவதும் கழற்றுவதும்

காற்று அதிகமுள்ள ஊரில் அடிவயிற்றுக்குக் கீழே முன், நடு, பின் என்று மூன்று பெல்ட். பக்கிள் பெயின்டில் படாமல் துணிச்சுற்று. அடியில் பெல்ட் போகும் வழியில் பிரேக் ஹோஸ், சைலன்ஸர், புரொப்பல்லர் ஷாஃப்ட் எதிலும் சிக்கக்கூடாது. கழற்ற மறந்து வண்டியை எடுத்தால் பெல்ட் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவைப்பது நல்ல பழக்கம். புயல் எச்சரிக்கை வந்தால் கவரை எடுத்துவிட்டு ஹூடை மட்டும் மூடி, சுவர் மறைவில் நிறுத்துங்கள். அந்தக் காற்றில் கவர் பாய்மரம்தான்.

ஓட்டி வந்த உடனே கவர் போடாதீர்கள். சைலன்ஸர் ஆற அரைமணி நேரம் கொடுங்கள், இல்லையென்றால் பூச்சு உருகி ஒட்டும். செம்மண் படிந்த வண்டிக்கு மேல் கவரை இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மழை விட்டதும் ஒரு பக்கத்தையாவது தூக்கிவிட்டுக் காற்றாடவிடுங்கள். கழற்றும்போது இரு பக்கங்களையும் முதலில் கூரை மேல் மடித்து, பின்னாலிருந்து முன்னால் சுருட்டினால் அடுத்தமுறை பானட்டில் வைத்து அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம், பெயின்டைத் தொடும் பக்கத்தில் மண்ணும் ஒட்டாது.

ஹூட் ஜன்னலை முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கி, பிறகுதான் மென்மையான துணியும் ஷாம்புத் தண்ணீரும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் படக்கூடாது, ஷீட் மங்கிவிடும். சுருட்டும்போது ஷீட்டுக்கு இடையில் பழைய பனியன் துணி வையுங்கள். மலையில் அதிகாலைக் குளிரில் ஷீட்டை மடிக்காதீர்கள். வெயில் ஏறி இளகிய பிறகு சுருட்டினால் வெடிக்காது.

சின்னக் கிழிசலை வளரவிடாமல் அன்றே ஒட்டிவிடலாம். கிழிசலின் இரு முனையிலும் ஒரு சிறு வட்டத் துளை போட்டால் கிழிசல் மேலே ஓடாது. அதே பிவிசி துணியில், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டு. கூர்மூலை விட்டால் அங்கிருந்துதான் உரியும். உள்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிவிசி துணிக்கான பசையை இரு பரப்பிலும் தடவி, கைக்கு ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி, மேலே பலகையும் கல்லும் வைத்து ஒரு இரவு விடுங்கள். பைப் ஒட்டும் சொல்யூஷன் இதற்கு ஆகாது, காய்ந்ததும் விறைத்து மடிப்பில் உடையும்.